ஊசி குத்தாத காகிதம்

டிருஹிக்கு எழுத்து தெரியாது. எந்த எழுத்தும் தெரியாது. அர்மீனிய எழுத்தைக் காட்டினா கொக்கி கொக்கியா இருக்கும்பா. அரபி எழுத்தைக் காட்டினா எறும்பு சாரை போகுதும்பா. ஆனா ஹலப் ஊர்ல பாட்டுக் காகிதம் எழுத அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஊத் வாசிக்கிறவன், பிடில் வாசிக்கிறவன், எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் மிதான் பேட்டைக்கு வந்து அவ இருந்த கல்லு முற்றத்துல நின்னுதான் ஆகணும். ஊசிக்காரின்னு அவளுக்குப் பேரு.

எழுதத் தெரியாதவ எப்படிப் பாட்டு எழுதினான்னு வாயைப் பொளக்கிறவங்க உண்டு. இதுல என்ன அதிசயம்? காகிதத்துல அஞ்சு கோடு. கோட்டு மேலயும் இடுக்குலயும் புள்ளி. புள்ளி ஏறினா சத்தம் ஏறும், இறங்கினா இறங்கும். ஊசிப் பின்னல் போடற பொம்பளைக்கு எண்ணித் தள்ளறது ஒரு வேலையா? பாலைவனத்துக் கூடாரங்கள்ல இருந்து மீட்டுக் கொண்டாந்த பொண்ணுங்களை வச்சிருந்த விடுதிக்கு அவ வரும்போது பதினாலு வயசு. தாடையில மூணு கோடு பச்சை குத்தியிருந்துச்சு. வாயைத் திறந்தா அரபிதான் வந்துச்சு. எழுத்து சொல்லித்தர வந்த டீச்சரம்மா ஒரு வாரம் பாத்துட்டு, "இது மண்டையில ஏறாது, கையில ஊசியைக் குடுங்க"ன்னு கை கழுவிட்டுப் போயிட்டா. அங்க பேண்டு வாத்தியத்துக்குக் காகிதம் நகல் எடுக்க ஆள் இல்லாம பாதிரியாருக்குக் கையாளா இருந்த ஒரு நொண்டி டீக்கன் தலையைப் பிச்சிக்கிட்டு இருந்தான். இவ பின்னலைப் பாத்துட்டு, "இதே மாதிரி இந்தப் புள்ளியைப் போடு"ன்னு குடுத்தான். ஒரு புள்ளி தப்பாம போட்டுக் குடுத்தா. அப்படி வந்ததுதான் அந்தத் தொழில்.

பதினெட்டு வயசுல மிசாக்கைக் கட்டிக்கிட்டா. ஐன்தாப் ஊர்க்காரன், ஊத் வாசிக்கிறவன், நல்ல விரல், கெட்ட வாய். பெத்தது ரெண்டு, ரெண்டும் தங்கல. ஒண்ணு எட்டாம் நாள் போச்சு, இன்னொண்ணு தட்டம்மையில போச்சு. அப்புறம் வயித்துல எதுவும் நிக்கல. வீட்ல அவளும் அவனும் அந்த வாத்தியமும்தான்.

அந்த வாத்தியத்தைப் பத்திச் சொல்லித்தான் ஆகணும். பாத்தா எல்லா ஊத்தும் ஒண்ணுதான், பூசணிக்காயைப் பாதியா வெட்டிக் கவுத்தின மாதிரி வயிறு. ஆனா மிசாக் வச்சிருந்தது ஸ்தான்புல் பக்கத்து ஊத். அதுல தந்தியை ஒரு படி இறுக்கிக் கட்டியிருக்கும். ஹலப்காரன் ஊத்துல ஒரு படி தளர்வு. ஒரே காகிதத்தை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே இடத்துல விரலை வச்சா, ரெண்டு சத்தமும் சேராது. பல்லுல மணல் கடிபடற மாதிரி இருக்கும். அதனால ஒருத்தன் காகிதத்தை இன்னொருத்தனுக்குக் குடுக்கணும்னா, ஒவ்வொரு புள்ளியையும் ஏத்தியோ இறக்கியோ புதுசா எழுதணும். அந்த வேலைதான் டிருஹியோடது.

ஒரு தடவை ஏற்கனவே ஏத்தின காகிதத்தை மறந்து போய் மறுபடியும் ஏத்திட்டா. கல்யாண வீட்ல பொண்ணு மாப்பிள்ளை முன்னாடி வாசிப்பு கிழிஞ்சு, மிசாக் மேல ஒரு செருப்பு வந்து விழுந்துச்சு. அன்னிலருந்து ஒரு வழக்கம் வச்சுக்கிட்டா. மாத்தி முடிச்ச காகிதத்தோட மேல் மூலையில ஊசியால ஒரு குத்து. கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியில தட்டும். ஓட்டை இருந்தா மாத்தினது, இல்லன்னா மாத்தாதது. ஊர்ல இருந்த வாத்தியக்காரன் அத்தனை பேருக்கும் அது தெரியும். அவனுங்களே மாத்தினாலும் ஒரு குத்து குத்தித்தான் குடுப்பானுங்க.

இதெல்லாம் பொழப்புக்கு. அவ உசுரு வேற ஒரு பாட்டுல இருந்துச்சு.

அவங்கம்மா மாவு பிசையறப்போ பாடற பாட்டு அது. ரெண்டு பாதியா இருக்கும். முன்பாதியில பிசைவா, பின்பாதியில தட்டி அடுப்புல அறைவா. சிப்பாய்ங்க அர்மீனிய ஜனத்தை ஊரோட கெளப்பிப் பாலைவனத்துக்கு நடக்க விட்டானுங்களே அந்த வருஷம், அப்போ டிருஹிக்கு ஏழு வயசு, அவ அக்கா சோசேக்குப் பன்னெண்டு. ஆயிரக்கணக்குல ஜனம், புழுதி, பொழுது சாயறப்போ யாரு எங்க விழுந்து கிடக்காங்கன்னு தெரியாது. அம்மா ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னா.

"சோசே, நீ முன்பாதி பாடணும். சின்னவளே, அக்கா சத்தம் கேட்டா நீ பின்பாதி குடுக்கணும். தூங்கினாலும் எந்திரிச்சுக் குடுக்கணும்."

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா நீ செத்துட்டேன்னு நெனச்சுட்டு நாங்க நடந்துருவோம். தேடிக்கிட்டு நிக்க விட மாட்டானுங்க."

ஏழு வயசுப் பிள்ளைகிட்ட எப்படி அப்படிப் பேசலாம்னு கேக்கறவ நடந்து பாக்கணும், அப்போ தெரியும். அந்தப் பேச்சுதான் பிள்ளையைக் காப்பாத்துச்சு. தினமும் பொழுது சாய அக்கா பாடுவா, தங்கச்சி பதில் குடுப்பா, சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சேருவாங்க. ஒரு நாள் காலையில அம்மா எந்திரிக்கல. அவ தலைத்துணியை உருவிக்கிட்டு ரெண்டும் நடந்துச்சுங்க.

ஃபுராத் ஆத்தங்கரையில ஒரு குதிரைக்காரன் வந்து சோசேயை மாட்டைப் பாக்கற மாதிரி பல்லைப் பாத்து, தூக்கி முன்னாடி போட்டுக்கிட்டுப் போனான். போகப் போக அவ குதிரை மேலருந்து முன்பாதியைப் பாடினா. டிருஹி கரையில நின்னு பின்பாதியைக் கத்தினா. தொண்டை கிழியக் கத்தினா. அதுக்குள்ள குதிரை மேட்டைத் தாண்டிருச்சு. அக்கா காதுல விழுந்துச்சா இல்லையான்னு அவளுக்குத் தெரியல. அடுத்த வாரம் இவளையும் வேற ஒரு கூடாரத்துக்காரன் கொண்டு போனான்.

அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷம். பேப்பர்ல விளம்பரம் குடுத்தா, பாதிரியார்கிட்ட சொல்லி வச்சா. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: பேரு மாறியிருக்கும், மதம் மாறியிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவளை எப்படிக் கண்டுபிடிக்கறது? அப்போதான் கூடாரத்துக்காரங்க இருக்கிற ஜசீராப் பக்கத்துலருந்து கம்பளி கொண்டு வந்த ஒருத்தன் முற்றத்துல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே சொன்னான்.

"எங்க பக்கம்லாம் இப்போ ஷேக்கு வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துருச்சு. சாயங்காலம் ஆனா பொம்பளைங்க திரைக்குப் பின்னாடி உக்காந்துக்குதுங்க. வேலை ஒண்ணும் நடக்கல. ஆடு ஒண்ணுதான் பாக்கி, அதுவும் வந்து உக்கார."

டிருஹி அன்னிக்கே முடிவு பண்ணிட்டா. பேரை மாத்தலாம், மெட்டை எவன் மாத்துவான்? அந்தப் பாட்டு ரெண்டு பாதியும் ஒரு தடவை ரேடியோவுல போயிட்டா போதும். சோசே எங்க இருந்தாலும் கேப்பா. பின்பாதி கேட்டா தங்கச்சி இருக்கான்னு தெரிஞ்சுக்குவா. ரேடியோ ஹலப்லருந்து வருதுன்னு நாய்க்குக்கூடத் தெரியும். கிளம்பி வந்துருவா.

ரேடியோ வாத்தியக் கோஷ்டிக்கு நஸ்ரி உஸ்தாத்னு ஒருத்தர் தலைவர். ஒரு வருஷம் அவரோட காகிதத்தை எல்லாம் சும்மாவே எழுதிக் குடுத்துட்டு, மிசாக்கை அனுப்பிக் கேக்க வச்சா. அவருக்கும் மெட்டு பிடிச்சுப் போச்சு. அரபியில புதுசா வார்த்தை கட்டினாங்க, ஏதோ நிலா, ஏதோ கிணறு. முன்பாதிக்கு மிசாக் ஊத் மட்டும், கூட ஒரு பொம்பளை பாடுவா. பின்பாதிக்கு கோஷ்டி எட்டு பேரும் சேந்து வருவாங்க. உஸ்தாத் மிசாக்கை வாசிக்கச் சொல்லி, எதிர்ல உக்காந்து அவன் விரலைப் பாத்துப் பாத்து காகிதத்துல எழுதினார்.

அங்கதான் முதல் கோணல். அவரு ஹலப்காரர். மிசாக் விரல் எந்தத் தந்தியில எந்த இடத்துல விழுதோ, தன் வாத்தியத்துல அந்த இடத்துச் சத்தம் என்னவோ அதை எழுதிட்டார். வியாழக்கிழமை ஒத்திகையில மிசாக் முன்பாதியை வாசிச்சு முடிச்சான், கோஷ்டி பின்பாதியோட வந்துச்சு, ஒரு படி கீழ போய் தொபுக்குன்னு விழுந்துச்சு.

உஸ்தாத் தலையில அடிச்சுக்கிட்டார். "அட, உன்னுது ஸ்தான்புல் கட்டு இல்ல! விரலைப் பாத்து ஏமாந்துட்டேன். சரி மிசாக், உன் தந்தியை ஒரு படி இறக்கிரு. அஞ்சு நிமிஷ வேலை."

"மாட்டேன்."

"ஏம்ப்பா?"

"இறக்கினா கிழவன் கோவணம் மாதிரி தொங்கும். இது எங்கப்பன் ஐன்தாப்லருந்து முதுகுல கட்டிக் கொண்டாந்தது. இறக்கினதே இல்ல. உங்க ஆளுங்க ஏறட்டும்."

கோஷ்டி பூரா சிரிச்சுச்சு. உஸ்தாத்துக்கும் சிரிப்பு வந்துருச்சு. "சரி விடு. உன்னை மாத்தறதுக்குக் காகிதத்தை மாத்தறது சுலபம். வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி ஒரு படி ஏத்தி எட்டு காகிதம் எழுதி வாங்கிட்டு வந்துரு. நாளைக்கு அஞ்சு மணிக்கு நேரடி ஒலிபரப்பு, இன்னொரு ஒத்திகைக்கு நேரமில்ல."

அந்த ரேடியோ நிலையத்துல அப்போதான் ஒரு மாசமா பஹ்ஜத்னு ஒரு குமாஸ்தா சேந்திருந்தான். படிச்சவன், தங்கமானவன். இந்த ஊர்ல நாசம் பாதி தங்கமானவனுங்களாலதான். ராவுத்தூக்கம் கெட்டு அந்தம்மா எதுக்குக் கஷ்டப்படணும்னு, உஸ்தாத் காகிதத்தை வச்சுக்கிட்டு அவனே உக்காந்து வேற ஒரு காகிதத்துல எல்லாப் புள்ளியையும் ஒரு படி ஏத்தி எழுதிட்டான். மேல அழகா அரபியில ஒரு வரி எழுதினான்: "இது ஏற்கனவே ஒரு படி ஏற்றியது, இப்படியே எட்டு நகல் எடுத்தால் போதும்." வெள்ளிக்கிழமை காலையில அதை மிசாக் கையில குடுத்துட்டு, அவசரமா ஜும்மா தொழுகைக்குப் போயிட்டான். ஒரு வார்த்தை வாயால சொல்லல. எழுதியாச்சே, இன்னும் என்ன?

மிசாக்குக்கு அர்மீனிய எழுத்துதான் தெரியும். அரபியில தெருப் பலகைகூடப் படிக்க மாட்டான்.

டிருஹி காகிதத்தை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சா. "இது உஸ்தாத் கையெழுத்து இல்லையே?"

"அந்தப் புதுப் பையன் நகல் எடுத்திருப்பான். உஸ்தாத் கோழி கிளறின மாதிரி எழுதுவாரே, உனக்குப் புரியாதுன்னு எடுத்திருப்பான்."

"மேல ஏதோ எழுதியிருக்கானே?"

"பாட்டுப் பேரா இருக்கும். வேற என்ன எழுதப் போறான், உனக்குக் காதல் கடிதமா?"

"எழுதினாலும் எழுதுவான். நீ எழுதினதில்லையே."

"உனக்கு எழுதி என்ன பிரயோசனம், என்னையே வந்து படிச்சுக் காட்டச் சொல்லுவே."

சிரிச்சா. அதுக்கப்புறம் அவ ரொம்ப நாள் சிரிக்கல. மேல் மூலையை விரல் நுனியால தடவிப் பாத்தா. ரெண்டு தடவை தடவினா. ஓட்டை இல்ல. மாத்தாத காகிதம். உஸ்தாத் ஒரு படி ஏத்தச் சொன்னார். பாட்டோட கடைசிப் புள்ளி எங்க உக்காந்திருக்குன்னு பாத்தா, எங்க உக்காந்தாலும் உக்காரலாம் போலத்தான் இருந்துச்சு. உஸ்தாத் முதல்ல எந்த இடத்துல எழுதினார்னு அவ பாத்ததே இல்லையே.

உக்காந்தா. புள்ளி புள்ளியா ஒரு படி ஏத்தினா. புள்ளி பக்கத்துல காது மாதிரி தொங்கற அரைப்படிக் குறிகளை எங்க மாத்தணுமோ மாத்தினா. எட்டு காகிதம். இத்தனை வருஷத்துல அவ்வளவு சுத்தமா அவ எழுதினதில்ல. ஒவ்வொண்ணுலயும் மூலையில ஒரு குத்து. மை காய ஊதி ஊதி வாய் வறண்டு போச்சு. மதியம் ரெண்டு மணிக்கு மிசாக் சட்டையை மாட்டிக்கிட்டு எட்டையும் பையனோட காகிதத்தையும் எடுத்துட்டுப் போனான்.

அஞ்சு மணிக்கு டிருஹி பக்கத்து வீட்டு ஸாபேல் ரேடியோ முன்னாடி உக்காந்திருந்தா. ஸாபேல் பீன்ஸ் நார் உரிச்சுக்கிட்டே, "ஏண்டி, உன் புருஷன் வாசிக்கிறதை வீட்ல கேட்டே காது புளிச்சுப் போயிருக்குமே, இங்க வேற வந்து உக்காந்திருக்கே"ன்னா.

"வாயை மூடுடி கொஞ்சம்."

"மூடிட்டேன் தாயே."

மிசாக் ஊத் வந்துச்சு. கெட்ட வாய்க்காரன்தான், ஆனா அன்னிக்கு வாசிச்சான் பாரு, ஸாபேல்கூட பீன்ஸைக் கீழ வச்சுட்டா. அந்தப் பொம்பளை முன்பாதியைப் பாடினா. வார்த்தை என்னமோ நிலா, கிணறு. டிருஹிக்குக் காதுல விழுந்தது அது இல்ல. குதிரை மேல உக்காந்திருக்கிற பன்னெண்டு வயசுப் பொண்ணு. உதட்டை மடிச்சுக்கிட்டு, தன் பாதிக்காகக் காத்துக்கிட்டு இருந்தா.

முன்பாதி முடிஞ்சு ஒரு மூச்சு இடைவெளி. எட்டு பேரும் சேந்து வந்தாங்க.

முதல் புள்ளியிலேயே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. பாடறவ ஒரு இடத்துல நிக்கிறா, வாத்தியம் பூரா அவ தலை மேல ஏறி நிக்குது. காது உள்ள ரெண்டு பேர் சட்டுன்னு கீழ இறங்கினானுங்க. மீதி ஆறு பேர் காகிதத்தைப் பாத்துக்கிட்டு விடாம போனானுங்க. இறங்கினவன் மறுபடி ஏறினான், ஏறினவன் இறங்கினான். பாடறவ குரல் ரெண்டுக்கும் நடுவுல கிழிஞ்சு நின்னுச்சு. யாரோ இருமினான். அப்புறம் ஒண்ணுமே இல்ல. ரேடியோ வெறும் காத்தா இரைஞ்சுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தன் மன்னிக்கணும்னான். ராணுவ வாத்திய இசைத்தட்டு ஒண்ணைப் போட்டானுங்க.

"என்னடி ஆச்சு?" ஸாபேல் கேட்டா.

"ஏத்தின காகிதத்தை ஏத்திட்டேன்."

"என்னடி உளர்றே?"

"என் பாதி வரல ஸாபேல். என் பாதி வரவே இல்ல."

மறுநாள் பஹ்ஜத் வந்தான், கையில அந்த ஒத்தைக் காகிதம். முற்றத்துல நின்னு அழுதான். "மேலயே எழுதியிருந்தேனேம்மா. பெருசா எழுதியிருந்தேனே."

"எழுதினே. ஊசி குத்தினியா?"

"ஊசியா? என்ன ஊசி?"

அவ காகிதத்தை வாங்கி மூலையில ஊசியால குத்தி அவன் கையில திருப்பிக் குடுத்துட்டு உள்ள போயிட்டா.

பாட்டை மறுபடி ஒரு தடவை ரேடியோவுல போடச் சொல்லி நஸ்ரி உஸ்தாத் வீட்டுக்கு நடையா நடந்தா. மூணு தடவை அவரு பொறுமையா பேசினார். நாலாவது தடவை, "அம்மா, அந்தப் பாட்டைச் சொன்னாலே என் ஆளுங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. எட்டு பேரு காபிக் கடையில தலை காட்ட முடியல. விட்டுருங்க"ன்னார். மிசாக்கை ரேடியோ பக்கமே சேக்கல. வாத்தியக்காரங்க காகிதம் கொண்டு வர்றதும் நின்னு போச்சு. ஊசிக்காரி தொட்டா உருப்படாதுன்னு பேச்சு.

மிசாக் கல்யாண வீடுகள்ல வாசிச்சான், குடிச்சான், வீட்டுக்கு வந்து சொல்லிக் காட்டினான். "எழுத்து தெரியாதவளை நம்பி மேடை ஏறினேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்." கல்யாணத்துல எவனாவது எகத்தாளம் பண்ணிட்டா அன்னிக்கு ரெண்டு மடங்கா சொல்லுவான். நீ அஞ்சு நிமிஷம் தந்தியை இறக்கியிருந்தா ஒரு காகிதமும் வேண்டியிருந்திருக்காதேன்னு கேக்க அவளுக்கு வாய் இல்லையா? இருந்துச்சு. கேக்கல. ஸாபேல் கேக்கச் சொன்னா. "எதுக்கு, கேட்டா அக்கா வந்துருவாளா"ன்னா இவ.

அவ கம்பளி வேலைக்குப் போனா. கம்பளி அலசறது, கோலால அடிச்சு உதறறது, மெத்தையில திணிக்கிறது. கை வெடிச்சுப் போற வேலை. காகிதம் எழுதினவ இதுக்குப் போகலாமான்னு எல்லாரும் கேட்டாங்க. அவளுக்கு வேற கணக்கு. கம்பளி ஜசீராவுலருந்து வரும். கம்பளியோட ஆளுங்களும் வருவாங்க. ஒவ்வொரு லாரி வந்து நிக்கும்போதும், கோலால அடிச்சுக்கிட்டே பின்பாதியை மட்டும் பாடுவா. லாரி மாறினா மறுபடியும் முதல்லருந்து. எட்டு வருஷம். இறக்கறவனுங்க, "கிழவி ஆரம்பிச்சுட்டாடா, வாலு மட்டும் இருக்கிற பாட்டு"ன்னு சிரிப்பானுங்க.

ஒரு வைகாசி வெயில்ல தியாப்னு ஒருத்தன் வந்தான். முப்பது வயசு இருக்கும், தலையில சிவப்புக் கட்டம் போட்ட துணி. மூட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டு உள்ள வந்தவன் அப்படியே நின்னுட்டான்.

"பெரியம்மா, அது என்ன பாட்டு?"

அவ கோலை நிறுத்தல. "ஏன், உனக்குத் தெரியுமா?"

"இது தெரியாது. ஆனா இதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குமோன்னு தோணுது. எங்கம்மா பாடுவா." மூட்டையோடவே நின்னு, ஆம்பளைக் குரல்ல, தப்பும் தவறுமா, முன்பாதியைப் பாடினான்.

அவ கை தானா நின்னுச்சு. "உங்கம்மா பேரு என்ன?"

"வத்ஹா."

"அது உங்கப்பன் வச்ச பேரு. முன்னாடி?"

அவன் மூட்டையை இறக்கி வச்சான். "சோசேன்னு ஒரு தடவை சொன்னா. யாருகிட்டயும் சொல்லாதேன்னா."

"எங்க இருக்கா? கூட்டிக்கிட்டு வந்திருக்கியா? லாரியில இருக்காளா?"

அவன் அவளையே பாத்தான். தாடையில இருந்த பச்சையைப் பாத்தான். அவங்கம்மாவுக்கும் அதே இடத்துல இருந்திருக்கும்.

"போன மாரியில போயிட்டா. நெஞ்சுல சளி கட்டி, ஆறே நாள்."

டிருஹி கம்பளிக் குவியல் மேல உக்காந்தா. "என்னைத் தேடலையா அவ?"ன்னு கேட்டா.

"தேடணும்னுதான் இருந்தா. குதிரை மேலருந்து பாடினேன், தங்கச்சி கரையிலருந்து பதில் குடுத்தா, நல்லாக் கேட்டுச்சு, அதனால அவ இருக்கான்னு சொல்லிக்கிட்டே இருப்பா. எங்கப்பன் இருக்கிற வரைக்கும் விடல. அவரு செத்ததும், சினை ஆடு ஈனட்டும், ஹலப் போகலாம்னா. துணிமணிகூட மூட்டை கட்டி வச்சிருந்தா." அவன் தலைத்துணியை அவுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டான். "அப்போதான் ஒரு நாள் ஷேக்கு வீட்டு ரேடியோவுல இந்தப் பாட்டு வந்துச்சு. அம்மா திரையைத் தள்ளிக்கிட்டு ஆம்பளைங்க நடுவுல வந்து நின்னா. எனக்கு வெக்கமாப் போச்சு. முன்பாதி முழுசாக் கேட்டா. கையை இப்படி வச்சுக்கிட்டு அடுத்ததுக்கு நின்னா. அது வரல. என்னமோ கண்டபடி சத்தம் வந்து அப்படியே நின்னு போச்சு."

"அப்புறம்?"

"அங்கயே தலைமுடியைப் பிச்சுக்கிட்டா. பதில் வரல, அவ செத்துட்டான்னா. ரேடியோ கெட்டுப் போச்சும்மான்னு எல்லாரும் சொல்லிப் பாத்தோம். எங்கம்மா இப்படித்தான் சொல்லிக் குடுத்தா, பதில் வரலன்னா நடந்துரணும்னு சொல்லிட்டா. ஏழு நாள் துக்கம் காத்தா. கட்டி வச்ச மூட்டையை அவுத்து ஊர்ப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டா. அதுக்கப்புறம் ஹலப் பேச்சே எடுக்கல. எட்டு வருஷம் இருந்தா. ஒரு நாளும் எடுக்கல."

வெளிய லாரிக்காரன் ஆரன் அடிச்சான். தியாப் போகல. அவ முன்னாடி குந்தி உக்காந்து, "சின்னம்மா, என்னை மன்னிச்சுருங்க"ன்னான். அவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? ஆனா யாராவது கேக்கணும்னு அவனுக்குத் தோணியிருக்கும்.

அவ அவன் தலையில கை வச்சுட்டு எந்திரிச்சா. பாதி திணிச்ச மெத்தை ஒண்ணு கிடந்துச்சு. அதைத் திணிச்சு, வாயைத் தைச்சு முடிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போனா.

மிசாக் ஜன்னலோரம் புல்கூர் கோதுமைச் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். வழக்கம் போல எகத்தாளமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், அவ முகத்தைப் பாத்து மூடிக்கிட்டான். அவ நின்னபடியே சொன்னா. அக்கா இருந்தது, கேட்டது, அவுத்த மூட்டை, போன மாரி. எல்லாத்தையும் சொன்னா. குரல் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. மிசாக் கரண்டியை வச்சுட்டான்.

அப்புறம் அவ சுவத்துல மாட்டியிருந்த வாத்தியத்தை எடுத்தா. கல்யாணம் ஆகி முப்பத்திமூணு வருஷத்துல துடைக்கறதுக்குத் தவிர அதைத் தொட்டதில்ல. மடியில சாத்தி வச்சுக்கிட்டு முதல் முறுக்காணியைப் பிடிச்சு, தந்தியைத் தட்டிக் கேட்டுக் கேட்டு, ஒரு படி இறக்கினா. அடுத்தது. அதுக்கு அடுத்தது. பதினொரு தந்தி. இறுகிப் போன ஆணிங்க வெடிச்ச கையில வழுக்குச்சு. தலைத்துணி நுனியால பிடிச்சுத் திருகினா. ஒவ்வொண்ணும் முனகிக்கிட்டே இறங்குச்சு.

மிசாக் உக்காந்த இடத்துலருந்து பாத்துக்கிட்டே இருந்தான். எந்திரிக்கல. தடுக்கல. பத்தாவது தந்தி வரும்போது முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

பதினொண்ணையும் இறக்கிட்டு ஒரு தடவை மேலருந்து கீழ விரலால தடவினா. தொங்கல. கோவணம் மாதிரியெல்லாம் இல்ல. கொஞ்சம் கட்டையா, நல்லாத்தான் இருந்துச்சு. எடுத்த இடத்துலயே மாட்டிட்டு, அவன் பாதியில வச்ச தட்டை எடுத்துக்கிட்டு அலசப் போனா.

மிசாக் அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தான். அதை ஏத்திக் கட்டவும் இல்ல, வாசிக்கவும் இல்ல.